குட்டிக் கைகளை நம்பிய டாக்டர்

குட்டீஸ்! உங்கள் பள்ளியில் எல்.கே.ஜி. வகுப்பை எட்டிப் பார்த்திருக்கிறீர்களா? குட்டி நாற்காலி, குட்டி மேஜை, கைக்கு எட்டும் உயரத்தில் அலமாரி, அதில் மரக்கட்டைகள், மணிகள், வண்ண அட்டைகள்... எல்லாமே சின்னச் சின்னதாக அழகாக இருக்கும். உங்களில் பலர் அங்கே உட்கார்ந்து படித்தவர்கள்தான். இப்போது போய் உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கும்!

நூறு ஆண்டுகளுக்கு முன்பு நிலைமை வேறு. பல பள்ளிகளில் பெஞ்சுகளைத் தரையோடு சேர்த்து அடித்து வைத்திருந்தார்கள். பிள்ளைகள் அசையாமல் உட்கார வேண்டும் என்பதற்காக அந்த ஏற்பாடு. மூன்று வயதுக் குழந்தைகளுக்குப் பெரும்பாலான இடங்களில் பள்ளியே கிடையாது. அந்த வயதில் என்ன தெரியும், அழும், தூங்கும், கையில் கிடைத்ததை உடைக்கும் என்றுதான் பெரியவர்கள் நினைத்தார்கள்.

அந்த நினைப்பை மாற்றியவர் ஓர் இத்தாலிய டாக்டர். அவர் பெயர் மரியா மாண்டிசோரி. அவர் நம் சென்னையிலும் கொடைக்கானலிலும் சில ஆண்டுகள் வாழ்ந்தவர் என்பது தெரியுமா? வாருங்கள், அவருடைய கதையைப் பார்ப்போம்.

டாக்டராக ஆசைப்பட்ட பெண்

மரியா 1870-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31 அன்று, இத்தாலியில் கியாரவாலே என்ற சிறிய ஊரில் பிறந்தார். அப்பா அலெஸாண்ட்ரோ அரசாங்க அதிகாரி. அம்மா ரெனில்டே நிறையப் புத்தகங்கள் படிப்பவர். மரியாவுக்கு ஐந்து வயதாகும்போது குடும்பம் ரோம் நகரத்துக்குக் குடிவந்தது.

சிறு வயதில் மரியாவுக்குக் கணக்கு என்றால் உயிர். என்ஜினீயர் ஆக வேண்டும் என்று 13 வயதில் தொழில்நுட்பப் பள்ளியில் சேர்ந்தார். அங்கே படித்தவர்கள் பெரும்பாலும் ஆண் பிள்ளைகள்தான். பிறகு ஆசை மாறியது. டாக்டருக்குப் படிப்பேன் என்றார். அப்பாவுக்குத் துளியும் பிடிக்கவில்லை. அந்தக் காலத்தில் இத்தாலியில் பெண்கள் டாக்டருக்குப் படிப்பது அபூர்வம். அம்மா மட்டும் பக்கபலமாக நின்றார்.

ரோம் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைப்பதே போராட்டமாக இருந்தது. கிடைத்த பிறகும் நிம்மதி இல்லை. உடன் படித்த மாணவர்கள் கேலி செய்தார்கள். இறந்தவர்களின் உடலை அறுத்துப் பார்த்துப் படிக்கும் பாடம் ஒன்று உண்டு. ஆண்களோடு சேர்ந்து ஒரு பெண் அதைப் படிப்பது முறையல்ல என்று சொல்லிவிட்டார்கள். அதனால் எல்லோரும் போன பிறகு, மாலை நேரத்தில், அந்த அறையில் மரியா தனியாக இருந்து படித்தார். நினைத்துப் பாருங்கள்... எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

1896-இல் டாக்டர் பட்டம் பெற்றார். இத்தாலியின் முதல் சில பெண் டாக்டர்களில் அவரும் ஒருவர். படிக்கக் கூடாது என்று தடுத்த அப்பா என்ன செய்தார் தெரியுமா? மகளைப் பற்றிப் பத்திரிகைகளில் வந்த செய்திகளை எல்லாம் வெட்டி எடுத்து, ஒட்டி, பெரிய புத்தகமாக்கி, மகளின் 30-வது பிறந்த நாளுக்குப் பரிசாகக் கொடுத்தார்!

ரொட்டித் துணுக்கில் ஒரு பாடம்

டாக்டரான பிறகு மரியா, ரோமில் உள்ள மனநல விடுதிகளுக்குப் போய் வந்தார். அங்கே மூளை வளர்ச்சி குறைந்த குழந்தைகளையும் பெரியவர்களோடு சேர்த்து அடைத்து வைத்திருந்தார்கள். ஓர் அறையில் இருந்த குழந்தைகள், சாப்பாடு முடிந்ததும் தரையில் விழுந்த ரொட்டித் துணுக்குகளைத் தேடித் தேடிப் பொறுக்கினார்கள். என்ன சாப்பிட்டாலும் இவர்களுக்குப் போதாது என்று காவல் இருந்த பெண் அலுத்துக்கொண்டார்.

மரியா அந்த அறையைச் சுற்றிப் பார்த்தார். வெறும் சுவர், வெறும் தரை. ஒரு பொம்மை இல்லை, ஒரு கட்டை இல்லை. தொட்டுப் பார்க்க, உருட்டிப் பார்க்க எதுவுமே இல்லை. அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. பசி வயிற்றில் இல்லை, கைகளில் இருந்தது! அந்தக் குழந்தைகள் ரொட்டித் துணுக்குகளை வைத்துத்தான் விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

அன்று முதல் அவர்களுக்குக் கைகளால் பாடம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். மரத்தால் செய்த எழுத்துகள், கட்டைகள், மணிகள், துணிகள் என்று தொட்டு உணரும் பொருள்களைக் கொடுத்தார். இதற்கு வழிகாட்டியாக அவர் எடுத்துக்கொண்டது, இட்டார், செகேன் என்ற இரண்டு பிரெஞ்சு டாக்டர்களின் புத்தகங்களை. படிப்பே வராது என்று ஒதுக்கப்பட்ட அந்தக் குழந்தைகளில் சிலர், மற்ற பிள்ளைகள் எழுதும் அதே தேர்வை எழுதித் தேறினார்கள். ஊரே வியந்தது.

மரியாவுக்கு மட்டும் வேறு ஒரு கேள்வி. இவர்களாலேயே இவ்வளவு முடியும் என்றால், நல்ல உடல்நலத்தோடு இருக்கும் குழந்தைகளை எது பின்னால் பிடித்து இழுக்கிறது?

இந்த நாள்களில் மரியாவின் வாழ்க்கையில் ஒரு பெரிய சோகமும் இருந்தது. 1898-இல் அவருக்கு மரியோ என்ற மகன் பிறந்தான். மரியாவுக்குத் திருமணம் ஆகவில்லை. அந்தக் காலச் சமூகத்தில் அப்படி ஒரு தாயால் டாக்டராக வேலை பார்க்க முடியாது. அதனால் குழந்தையைக் கிராமத்தில் ஒரு குடும்பத்திடம் வளரக் கொடுத்துவிட்டார். அவ்வப்போது போய்ப் பார்ப்பார். தான் யார் என்று மட்டும் சொல்ல முடியாது. ஊரார் குழந்தைகளுக்காக உழைத்தவருக்குத் தன் குழந்தையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளும் பாக்கியம் பல ஆண்டுகள் கிடைக்கவில்லை.

குழந்தைகள் இல்லம்

ரோமில் சான் லோரன்ஸோ என்று ஓர் ஏழைப் பகுதி. அங்கே பாழடைந்து கிடந்த குடியிருப்புகளை ஒரு நிறுவனம் பழுது பார்த்து வாடகைக்கு விட்டது. அப்பா, அம்மா இருவரும் விடிந்ததும் வேலைக்குப் போய்விடுவார்கள். பெரிய பிள்ளைகள் பள்ளிக்குப் போவார்கள். மீதி இருக்கும் வாண்டுகளைப் பார்த்துக்கொள்ள ஆளே இல்லை! படிக்கட்டில் ஏறி இறங்கி, சுவரில் கிறுக்கி, கிடைத்ததை எல்லாம் உடைத்துக்கொண்டிருந்தார்கள். சுவருக்கு மறுபடி மறுபடி வெள்ளையடிப்பதைவிட இவர்களை ஓர் அறையில் வைத்துப் பார்த்துக்கொள்வது மேல் என்று நிறுவனத்தார் நினைத்தார்கள். டாக்டர் மரியாவை அழைத்தார்கள்.

1907-ஆம் ஆண்டு ஜனவரி 6 அன்று அந்த இல்லம் திறக்கப்பட்டது. இத்தாலிய மொழியில் அதற்குக் காசா தெய் பம்பினி என்று பெயர். குழந்தைகள் இல்லம் என்று பொருள். சுமார் 50 குழந்தைகள் வந்தார்கள். எல்லோரும் வெளிறிப்போய், சரியான சாப்பாடு இல்லாமல் மெலிந்து, பயந்து அழுதுகொண்டிருந்தார்கள்.

மரியா டாக்டர் அல்லவா? முதலில் உடம்பைக் கவனித்தார். காலையில் குழந்தைகள் வந்ததும் கை, நகம், காது, கழுத்து, பல், தலைமுடி எல்லாம் சுத்தமாக இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். அழுக்காக இருந்தால் திட்டு கிடையாது. குழந்தைகளின் உயரத்துக்கே கைகழுவும் தொட்டி வைத்து, எப்படிக் கழுவுவது, எப்படிப் பல் துலக்குவது என்று ஒவ்வொன்றாகக் காட்டிக் கொடுத்தார்கள். கொஞ்சம் பெரிய குழந்தைகள் சின்னக் குழந்தைகளுக்கு உதவினார்கள். எடையும் உயரமும் தவறாமல் குறித்து வைக்கப்பட்டன.

சாப்பாட்டு விஷயத்திலும் மரியா கண்டிப்பானவர். நாள் முழுவதும் எதையாவது கொறித்துக்கொண்டே இருந்தால்தான் குழந்தை வளரும் என்று அங்கே பலர் நம்பினார்கள். அது தவறு, நேரத்துக்குச் சாப்பிட வேண்டும் என்றார் அவர். பால், முட்டை, சூப் போன்ற எளிய உணவுகளைச் சொன்னார். அந்த நாட்டில் சிறு குழந்தைகளுக்கும் ஒயின் கொடுக்கும் பழக்கம் இருந்தது. அதைக் கூடவே கூடாது என்று தடுத்தார். காபியும் டீயும்கூட வேண்டாம் என்றார்.

குழந்தைகளே டீச்சர்!

இல்லம் நடக்க நடக்க, மரியா குழந்தைகளை உன்னிப்பாகக் கவனித்தார். அவர்களிடமிருந்து தினமும் ஒரு பாடம் கற்றுக்கொண்டார்.

ஒரு நாள், மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி உருளைக் கட்டைகளை அவற்றுக்குரிய குழிகளில் பொருத்திக்கொண்டிருந்தாள். மற்ற குழந்தைகளைப் பாடச் சொல்லி, ஆடச் சொல்லிப் பார்த்தார் மரியா. அவள் திரும்பவில்லை. நாற்காலியோடு தூக்கி மேஜை மேல் வைத்தார். கட்டைகளை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தாள்! நாற்பது தடவைக்கும் மேல் செய்துவிட்டு, தூங்கி எழுந்தவளைப் போலச் சிரித்தபடி நிமிர்ந்தாள். சிறு குழந்தைக்குக் கவனம் நிற்காது என்று யார் சொன்னது?

இன்னொரு நாள், அலமாரியைப் பூட்ட டீச்சர் மறந்துவிட்டார். காலையில் வந்து பார்த்தால், குழந்தைகளே தங்களுக்கு வேண்டியதை எடுத்துச் செய்துகொண்டிருந்தார்கள். திருடிவிட்டார்களே என்று டீச்சர் பதறினார். மரியாவோ மகிழ்ந்தார். எது எங்கே இருக்கிறது, எதை எடுக்க வேண்டும் என்று இவர்களுக்கே தெரிகிறதே! அன்றிலிருந்து பூட்டிய அலமாரி போய், கைக்கு எட்டும் திறந்த அலமாரி வந்தது.

மூக்குச் சிந்துவதற்கும் ஒரு பாடம் நடத்தினார். கைக்குட்டையை எடுத்து, சத்தம் வராமல், பிறர் முகம் சுளிக்காமல் எப்படிச் சிந்துவது என்று செய்து காட்டினார். குழந்தைகள் சிரிப்பார்கள் என்று நினைத்தார். யாரும் சிரிக்கவில்லை. முடிந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள்! ஏன் தெரியுமா? மூக்கு ஒழுகுகிறது என்று அவர்களைத் திட்டியவர்கள் பலர். எப்படித் துடைப்பது என்று மரியாதையோடு சொல்லிக்கொடுத்தவர் அவர் ஒருவர்தான்.

தரையோடு அடித்த பெஞ்சுகளுக்குப் பதிலாக, குழந்தைகளே தூக்கக்கூடிய லேசான நாற்காலிகளைச் செய்ய வைத்தார் மரியா. தட்டி விடுவார்களே என்று சிலர் கேட்டார்கள். தட்டட்டும்! நாற்காலி டமார் என்று விழும்போது, தான் கவனமாக நடக்கவில்லை என்பது குழந்தைக்கே தெரிந்துவிடும். கண்ணாடி டம்ளரும் பீங்கான் தட்டும் கொடுத்ததும் அதே காரணத்துக்காகத்தான். உடையாத பொருளை எப்படி வேண்டுமானாலும் எறியலாம். உடையும் பொருளை மெதுவாகத்தானே பிடிக்க வேண்டும்?

அப்படியானால் என்ன வேண்டுமானாலும் செய்ய விட்டாரா? இல்லை. பிறரைத் துன்புறுத்துவது, முரட்டுத்தனம் செய்வது இரண்டையும் உடனே தடுத்தார். மற்ற நேரங்களில் பெரியவர்கள் பக்கத்திலேயே இருந்து கவனித்தால் போதும் என்றார்.

மதிய உணவு நேரத்தைப் பார்க்க வந்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். நான்கு வயதுக் குழந்தைகள் மேஜைகளில் கரண்டியும் கத்தியும் வைத்தார்கள். ஒரே தட்டில் ஐந்து தண்ணீர் டம்ளர்களை ஏந்தி நடந்தார்கள். சூடான சூப் இருந்த பெரிய பாத்திரத்தை மேஜை மேஜையாக எடுத்துப் போய்ப் பரிமாறினார்கள். ஒரு டம்ளர் உடையவில்லை. ஒரு சொட்டு சிந்தவில்லை! ஒரே நாளில் வந்த திறமை அல்ல அது. நடக்க, தூக்க, ஊற்ற என்று ஒவ்வொன்றையும் சிறுகச் சிறுகப் பழகியதால் வந்தது.

படிப்பும் அப்படித்தான் வந்தது. எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோர்கள், எங்கள் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டார்கள். உப்புத்தாளில் எழுத்துகளை வெட்டி அட்டையில் ஒட்டிக் கொடுத்தார் மரியா. குழந்தைகள் விரலால் தடவித் தடவி எழுத்தின் வடிவத்தைக் கற்றார்கள். டிசம்பர் மாதத்தில் ஒரு நாள், மொட்டை மாடியில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனிடம் சாக்குக்கட்டி கொடுத்து, புகைபோக்கியை வரையச் சொன்னார். வரைந்து முடித்தவன், திடீரென்று தரையில் கை என்று எழுதினான்! அடுத்து புகைபோக்கி என்று எழுதினான். கூரை என்று எழுதினான். எனக்கு எழுத வருகிறது என்று கூவினான். மற்ற குழந்தைகளும் ஓடி வந்து எழுதத் தொடங்கினார்கள்.

இவற்றை எல்லாம் பார்த்து மரியா கண்ட உண்மை இதுதான். குழந்தையால் முடிகிற வேலையை நாம் செய்து கொடுத்தால், அது உதவி இல்லை. அதன் வளர்ச்சிக்கு நாமே போடும் முட்டுக்கட்டை.

கடல் கடந்த புகழ்

1909-இல் தன் கல்வி முறையைப் புத்தகமாக எழுதினார். பல மொழிகளில் அது வெளிவந்தது. 1913-இல் அமெரிக்கா போனார். அதே ஆண்டில், 15 வயதான மரியோ தாயுடன் வந்து சேர்ந்தார்.  பயணத்தில் துணை, பேச்சில் மொழிபெயர்ப்பாளர், பணியில் வலது கை எல்லாம் அவரே.

1931-இல் லண்டன் வந்திருந்த காந்தியடிகளை மரியா சந்தித்தார். மரியாவின் பயிற்சிக் கல்லூரியில் காந்தியடிகள் உரையும் ஆற்றினார்.

அந்தக் காலத்தில் இத்தாலியை ஆண்டவர் சர்வாதிகாரி முசோலினி. முதலில் மாண்டிசோரி பள்ளிகளை ஆதரித்தார். பிறகு, குழந்தைகளைப் போருக்குத் தயார் செய்யும் தன் எண்ணத்துக்கு மரியா வளைந்து கொடுக்க மாட்டார் என்று தெரிந்தது. 1934-இல் அங்கே மாண்டிசோரி பள்ளிகள் மூடப்பட்டன. மரியா ஸ்பெயினில் இருந்தார். 1936-இல் அங்கேயும் உள்நாட்டுப் போர். நெதர்லாந்துக்குப் போனார்.

அடையாறில் மாண்டிசோரி

1939-இல் சென்னை அடையாறிலிருந்து அழைப்பு வந்தது. அழைத்தவர்கள் பிரம்ம ஞான சபையின் தலைவர் ஜார்ஜ் அருண்டேலும், அவருடைய மனைவி ருக்மிணி தேவியும். கலாக்ஷேத்திராவைத் தொடங்கியவர் இந்த ருக்மிணி தேவிதான். 69 வயதில் மரியா மகனோடு இந்தியா வந்தார். அடையாறில் ஓலைக் கொட்டகையில் பயிற்சி வகுப்பு நடந்தது. நாட்டின் பல பகுதிகளிலிருந்து 300-க்கும் மேற்பட்டவர்கள் வந்து சேர்ந்தார்கள். மரியா இத்தாலிய மொழியில் பேச, மரியோ ஆங்கிலத்தில் சொல்வார்.

சில மாதங்கள் தங்கிவிட்டுத் திரும்பலாம் என்றுதான் வந்தார்கள். ஆனால், இரண்டாம் உலகப் போர் மூண்டது. 1940 ஜூன் மாதம் இத்தாலி பிரிட்டனுக்கு எதிராகப் போரில் இறங்கியது. இந்தியாவை அப்போது ஆண்டது பிரிட்டன். அதனால் இத்தாலியர்கள் எல்லோரும் எதிரி நாட்டவர் ஆகிவிட்டார்கள். மரியோவைப் பிடித்து, அகமத்நகர் முகாமில் அடைத்தார்கள். மரியா அடையாறு வளாகத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்று உத்தரவு. பல ஆண்டுகள் பிரிந்திருந்து சேர்ந்த மகன், முதுமையில் மறுபடியும் பிரிக்கப்பட்டான். அந்தத் தாயின் மனம் எப்படித் தவித்திருக்கும்!

அந்த ஆண்டு ஆகஸ்ட் 31 மரியாவின் 70-வது பிறந்த நாள். அன்று வைஸ்ராயிடமிருந்து ஒரு தந்தி வந்தது. பிறந்த நாள் பரிசாக உங்கள் மகனை விடுதலை செய்கிறோம் என்று அதில் இருந்தது. எத்தனையோ நாடுகளில் எத்தனையோ பரிசு பெற்றவருக்கு, இதைவிடப் பெரிய பரிசு வேறு உண்டா?

பிறகு 1942 முதல் 1944 வரை கொடைக்கானலில் தங்கினார். அங்கேயும் குழந்தைகளுக்கு வகுப்பு நடந்தது. மலையில் கிடைத்த இலை, பூ, செடி, கொடி எல்லாமே பாடப் பொருள்கள் ஆயின. இந்தியத் தாய்மார்கள் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே எல்லா வேலையும் செய்வதை மரியா ரசித்துப் பார்த்தார். பிறந்தது முதல் மூன்று வயது வரை குழந்தை தன்னைச் சுற்றி உள்ளதை எல்லாம் எப்படி உறிஞ்சிக்கொள்கிறது என்று சிந்தித்தார். அந்தச் சிந்தனைகளைச் சொல்லும் அவருடைய புகழ்பெற்ற நூல் 1949-இல் அடையாறில்தான் அச்சாகி வெளிவந்தது.

அமைதிக்கான நோபல் பரிசுக்கு அவர் பெயர் 1949, 1950, 1951 என மூன்று ஆண்டுகள் பரிந்துரைக்கப்பட்டது. 1952-ஆம் ஆண்டு மே 6 அன்று, நெதர்லாந்தில் நோர்ட்விக் என்ற கடலோர ஊரில் காலமானார். அப்போது வயது 81. பிற்காலத்தில் இத்தாலி அரசு, 1000 லிரா நோட்டில் அவர் படத்தை அச்சிட்டது. 2002-இல் யூரோ நாணயம் வரும் வரை, ஒவ்வோர் இத்தாலியர் சட்டைப்பையிலும் மரியா இருந்தார்!

இனி உங்கள் முறை

குட்டீஸ், டாக்டர் மரியா செய்ததைச் செய்ய நீங்கள் டாக்டராக வேண்டியதில்லை. வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஒரு வாண்டு இருந்தால் போதும்.

முதலில், அந்த வாண்டின் உயரத்துக்கு நீங்கள் தரையில் உட்கார்ந்து சுற்றிப் பாருங்கள். உங்கள் கண்ணுக்குத் தெரியாதது எல்லாம் தெரியும். கட்டிலுக்கு அடியில் காசு, பட்டன், கடிகார பேட்டரி, கீழ்த் தட்டில் மாத்திரை, மேஜை ஓரத்தில் சூடான சாம்பார், குளியலறையில் தண்ணீர் நிறைந்த வாளி... இவை எல்லாம் குழந்தைக்கு ஆபத்து. உடனே அம்மாவிடமோ பாட்டியிடமோ சொல்லி அப்புறப்படுத்துங்கள். வாளியில் கொஞ்சம் தண்ணீர் இருந்தாலும் சிறு குழந்தை மூழ்கிவிடலாம். ஆபத்தானவற்றை எடுத்துவிட்டால்தான், மீதி இடத்தில் குழந்தை பயமின்றி விளையாட முடியும்.

ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு முழு வேர்க்கடலை, உருண்டை மிட்டாய், முழுத் திராட்சை கொடுக்காதீர்கள். தொண்டையில் அடைத்துக்கொள்ளும். திராட்சையை நீளவாக்கில் நறுக்கச் சொல்லுங்கள். கடலையைப் பொடித்துத் தரச் சொல்லுங்கள். ஓடிக்கொண்டே சாப்பிடுவதும் ஆபத்து. உட்கார்ந்து சாப்பிடப் பழக்குங்கள். டி.வி.யைக் காட்டி வாயில் திணிக்க வேண்டாம். குழந்தையின் வயிறு சின்னது. கொஞ்சம் கொஞ்சமாக, நேரம் தவறாமல் கொடுத்தால் போதும். போதும் என்று தலையைத் திருப்பினால் விட்டுவிடுங்கள்.

அடுத்தது முக்கியம். வாழைப்பழத்தின் நுனியை மட்டும் கிள்ளிக் கொடுங்கள்; மீதித் தோலைக் குழந்தையே உரிக்கட்டும். தட்டை எடுத்து வைக்கட்டும். பட்டன் போட அது திணறும்போது, பிடுங்கிப் போட்டுவிடாமல் கொஞ்சம் பொறுத்திருங்கள். தண்ணீரைச் சிந்திவிட்டதா? கத்தாதீர்கள். ஒரு துணியைக் கொடுத்து, எப்படித் துடைப்பது என்று நீங்கள் ஒரு முறை துடைத்துக் காட்டுங்கள்.

மூக்குத் துடைக்கக் கற்றுக்கொண்டதற்கே கைதட்டிய குழந்தைகள் அவர்கள். உங்கள் வாண்டுக்கும் ஒரு கைதட்டலைக் கொடுங்கள். நாளைக்கே அது இன்னொரு வேலையைத் தானாகச் செய்து காட்டும்!